மூன்றாம் பாட்டின் தாளம்

இன்று புதுவாயலில் பேருந்து ஏறினேன். எனக்கு முன்சீட்டில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கைபேசியில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது, போன வாரம் நான் இந்த வலைப்பூவில் எழுதிய ராப் ஆல்பம் விமர்சனம். பாடியவளே அவள்தான்.

"மூணாவது பாட்டுல தாளம் தடுமாறுதாம். பத்துக்கு ஆறு போட்டுக்குது பெருசு."

"இன்னாடி தடுமாறுது?"

"அது நம்ம கம்பெனி பிரஸ் மிஷினு சத்தம்டி! ரெக்கார்டு பண்ணிப் போட்டேன். தகடு மாத்தும்போது நிக்காதா?"

குடையை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

வீட்டில் மூன்று முறை கேட்டேன். மிஷின் நிற்கும் இடைவெளியில்தான் ஒவ்வொரு வரியையும் தொடங்குகிறாள்.

தவறு என்னுடையது. எட்டு மதிப்பெண்ணாகத் திருத்திவிட்டேன். பாடிய அம்மா, உங்கள் பின்சீட்டில் குடையோடு இருந்தது நான்தான்.

என் வயதை எங்கும் எழுதியதில்லை. 'பெருசு' என்று எதை வைத்துக் கண்டுபிடித்தாள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.