கட்டத்துக்குள் போன புகார்கள்

வரைபடம் போடும் அவருக்கு அலுவலகத்தில் 'கட்டம்' என்று பட்டப்பெயர். கணினியில் திறக்கும் ஒவ்வொரு விண்டோவையும் ஓரம் பிசகாமல் கட்டம் கட்டமாக நிறுத்தும் மென்பொருள் இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. புதிதாகச் சேர்ந்தவர்களையும் விடமாட்டார், அவரே அதைப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஃபிரிட்ஜ் பழுதானவர்களின் புகார்களைக் கவனிக்க வேண்டும். அவள் திரையில் விண்டோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும். பார்த்தாலே இவருக்குக் கை பரபரக்கும். தனக்கு விடுமுறையான ஒரு நாள், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் கட்டத்துக்குள் போட்டுவிட்டார்.

"இப்ப எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாரு," என்றார், அவள் வந்ததும்.

அவள் திரையையே பார்த்தாள். "யாரையெல்லாம் இன்னைக்கே கூப்பிடணுமோ, அவங்க விண்டோவை மட்டும் ஓரம் தெரியற மாதிரி வெளிய இழுத்து விட்டிருந்தேங்க. இப்ப எது எதுன்னே தெரியல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் மவுஸைப் பிடித்து மெனுவெல்லாம் தேடிப் பார்த்தார். பழையபடி வைக்க அந்த மென்பொருளில் வழி இல்லை. அவள் ஒவ்வொன்றாகப் படித்துத் தேடிக்கொண்டிருக்கும்போதே மதியமாகிவிட்டது; தொலைபேசி அடித்தது. காலையிலேயே கூப்பிடுவதாகச் சொல்லியும் கூப்பிடவில்லை, ஃபிரிட்ஜில் வைத்த மருந்தெல்லாம் வீணாகிவிட்டது என்று ஒரு பெண்மணி அழுவது அவர் காதிலும் விழுந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா, என் கவனக்குறைவுதான்," என்றாள் மனைவி.

அவள் இவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.