மதினியின் பூண்டு வயலில் ஒரு சாலை

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வட்டவடையில் ஜீப் ஓட்டுகிறேன். என் அண்ணன் மனைவி, மதினி, மலைச்சரிவில் பூண்டு போடுகிறார். அந்த வயலின் குறுக்கே ஒரு சாலை இருப்பதாகப் போன் வரைபடம் காட்டியது. அதை நம்பி வந்த சுற்றுலாக் கார்கள் இரண்டு முறை பாத்திகளை நசுக்கிவிட்டன. இன்னொரு கார் இறங்கினால் விதைப்பூண்டுகூட மிஞ்சாது என்று மதினி அழுதார்.

வரைபடத்தைச் சரிபார்க்கும் வேலையாக நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரப் பெண் ஒருவர் வந்து என் ஜீப்பில் ஏறினார். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஆனால் அவர் மடியிலிருந்த திரையில் எங்கள் ஜீப் நீலப் புள்ளியாக ஊர்ந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றார்.

வயலில் இறங்கி நின்றோம். மதினியும் வந்தார். திரையில் கோடு பாத்திகளின் மேலேயே போனது.

"வண்டிக போன தடந்தானுங்க இது. போன் சட்டச் சேப்புல இருந்தாப் போதும், போற வழிய அதுவே மேப்புக்குச் சொல்லிப்போடும்," என்றார் அந்தப் பெண்.

கோடு ஓரிடத்தில் வளைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அங்கே ஒரு பாறை. அதைச் சுற்றி எத்தனையோ முறை ஸ்டீயரிங்கை ஒடித்திருக்கிறேன். பூண்டு பிடுங்கியதும் காலி வயல் வழியாக இறங்கி, கீழ்த் தோட்டத்துக் கேரட்டை ஏற்றுவது எங்கள் ஜீப்காரர்களின் வழக்கம். வேலியைத் திறந்துவிடுவதே மதினிதான். அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பஞ்சாயத்துல கேட்டுக் கேட்டும் வராத ரோட்ட, சேப்புல கை வைக்காமலே போட்டுட்டீகளே, கொழுந்தனாரே."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கோட்டை அழிக்க எழுதி அனுப்பினார். "மறுக்கா நீங்க எறங்குனா மறுக்கா வந்துருமுங்க," என்று எச்சரித்துவிட்டுப் போனார். சில நாளில் கோடு மறைந்தது. மிஞ்சிய பூண்டு முழுசாக வீடு சேர்ந்தது.

வயல் காலியானதும் ஜீப்புகள் வந்தன. மதினி வேலியருகே ஒரு கூடையோடு நின்றார். எல்லோரும் போனை அதில் போட்ட பிறகுதான் திறந்தார். நாங்கள் கீழே மூட்டை ஏற்றும்போது மேலே கூடை விடாமல் மணியடித்தது.

"கொழுந்தனாரே, ஒங்க வீட்டுக்காரி கூப்புடுது. ரோடு போடப் போயிருக்காகன்னு சொல்லவா?"

இன்று புதுப் பூண்டு ஊன்றினார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். வயல் மேல் ஒரு கோடும் இல்லை.

2024 அக்டோபர் 13, ஞாயிறு.