தகரப் பெட்டியில் விழுந்த ஓட்டு

வெயிலுமுத்து, அப்துல் வாஹித் பாய்க்கு இருநூறு ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. தோல் தைக்கிற பழைய மெஷின் ஒன்றை பாய் அவனுக்கு எடுத்துக் கொடுத்த வகையில் வந்த கடன் அது. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பாய் வட்டி வாங்குகிறவரும் அல்ல. ஆனால் ஒரு கெடு உண்டு: பக்ரீத். அன்றைக்குப் பம்பாய் முழுக்க ஆட்டுத்தோல் மலைமலையாக வந்து குவியும். கையில் ரொக்கம் வைத்திருக்கிற தோல் வியாபாரிதான் அன்று ராஜா. அதற்கு முன்னால் பணம் வரவில்லையென்றால் மெஷின் பாயின் கிடங்குக்குத் திரும்பிவிடும். இதைப் பாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிற கெடுவுக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும்.

அறுபத்தேழாம் வருஷம் அது. தாராவியில் மழை பெய்யாவிட்டாலும் சேறு இருந்த காலம்.

பள்ளிக்கூடம் வெயிலுமுத்துவை மூன்று வருஷம்தான் பார்த்தது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. பதினாறு வயதில் தாராவிக்கு வந்து, சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் கழுவி, விரல் இடுக்கெல்லாம் வெந்து, அப்புறம் பக்கத்துக் கடையில் ஒருத்தன் தைப்பதைத் தெருவிலிருந்து பார்த்தே தையல் பழகிக்கொண்டவன். அவன் தைத்த வாரை இரண்டு பக்கமும் எருமை கட்டி இழுத்தால் எருமைதான் விழும், வார் விழாது. இதைத் தாராவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் அவனே சொல்வான்.

ஒரே ஒரு குறை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பான். ஊசி ஓடிக்கொண்டிருக்கும், அவன் இருக்கமாட்டான். சயான் ரோட்டில் தன் பெயர் போட்ட போர்டு ஒன்று சிவப்பு விளக்கில் எரிவதையும், அதன் வெளிச்சம் கழிமுகத்துத் தண்ணீரில் கரைந்து போவதையும் பார்த்துக்கொண்டிருப்பான். காயப்போட்ட தோல்கள் காற்றில் அசையும்போது, மேகம்தான் இறங்கி வந்து கயிற்றில் உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும். நாற்றம் மூக்கில் ஏறியபிறகுதான் அது தோல் என்று ஞாபகம் வரும்.

அப்படி ஒரு மத்தியானம் அவன் முன்னால் வந்து நின்றவர் நம்பிராஜன். மாதுங்காவில் குடியிருந்து கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று ஜனங்களிடம் முன்கூட்டியே கேட்டுப் பத்திரிகைக்குச் சொல்கிற கம்பெனி.

"தாராவியில நம்ம ஆளுங்ககிட்டத் தமிழில கேக்கணும். உங்களை எல்லாருக்கும் தெரியும்னு சொன்னாங்க," என்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காவ," என்றான் வெயிலுமுத்து.

வேலை சுலபம். சின்னங்கள் அச்சடித்த சீட்டு: ஆளுங்கட்சியின் காளை, விளக்கு, நட்சத்திரம், குடிசை, யானை. ஆள் தனக்குப் பிடித்ததில் ஒரு கோடு போட்டு, மடித்து, பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில் போடவேண்டும். ஒரு சீட்டுக்கு எட்டணா. நானூறு சீட்டு. பணம் தேர்தல் முடிந்ததும் வரும்.

நானூறு எட்டணா இருநூறு ரூபாய் என்பதை வெயிலுமுத்துவின் வாய் சொல்வதற்கு முன்னால் மனசு சொல்லிவிட்டது. கடவுள் தலையெழுத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதி அவன் பார்த்ததே இல்லை.

"ஒண்ணு கவனம்," என்றார் நம்பிராஜன். "'இன்னிக்கே எலெக்‌ஷன் நடந்தா நீங்க யாருக்குப் போடுவீங்க'ன்னுதான் கேக்கணும். இது சும்மா ஒரு கணிப்புன்னு சொல்லிடணும்."

முதல் நாள் வெயிலுமுத்து அப்படியே கேட்டான். ஒவ்வொரு வாசலிலும் இன்னிக்கே எதுக்கு நடக்கணும், யார் நடத்துவா, நடந்தா லீவு உண்டா என்று பேச்சு வளர்ந்தது. பொழுது சாய்ந்தபோது பெட்டியில் பத்துச் சீட்டுக்கூட இல்லை. இரண்டாம் நாளிலிருந்து அவன் கேள்வியைத் தோல் வெட்டுகிற மாதிரி வெட்டிச் சுருக்கினான்.

"எலெக்சன் வந்திருக்கு. போடுங்க."

மளமளவென்று விழுந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் சந்து சந்தாகப் போனான். சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டவர்கள் இருந்தார்கள். கோயில் உண்டியல் என்று நினைத்து ஐந்து பைசா போட்ட கிழவரும் இருந்தார். வாசலுக்கு வாசல் தண்ணீர், டீ, ஒரு முறுக்கு. பம்பாய்க்கு வந்த நாள்முதல் அவனை இத்தனை பேர் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. நடக்கும்போது பெட்டிக்குள் சீட்டுகள் சரசரவென்று பேசிக்கொண்டன. மத்தியானத்தில் அதையே தலைக்கு வைத்துப் படுத்தால், தேசத்து ஜனம் முழுவதும் தகரத்துக்குள் உட்கார்ந்து மெல்லிய குரலில் அவன் காதில் ஏதோ சொல்வதாக இருந்தது. அந்த முணுமுணுப்பிலேயே தூங்கிப்போவான். கனவில் பெட்டி கழிமுகத்துத் தண்ணீரில் ஓடம் மாதிரி மிதந்துபோகும். அவன் அதன்மேல் உட்கார்ந்து துடுப்புப் போடாமலே டில்லிக்குப் போவான்.

முப்பிடாதியம்மாள் அவனுடைய சந்திலேயே வடை சுட்டு விற்கிறவள். சந்துப் பெண்கள் எல்லாருக்கும் அவள் சொல்தான் சட்டம். அவள் எண்ணெய்க் கையோடு சீட்டை வாங்கி, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காளையில் கோடு போட்டாள். வாஹித் பாயும் கிடங்கில் உட்கார்ந்தபடியே ஒரு சீட்டு வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு கோடு போட்டுப் பெட்டியில் தள்ளினார்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் பத்திரிகையில் கணிப்பு வந்தது. நம்பிராஜனே கொண்டுவந்து, பாயின் கிடங்கில் வைத்து வாசித்துக் காட்டினார். தேசம் முழுக்கக் காளைதான். எதிரே நிற்க ஆளில்லை.

"என் பெட்டியும் இதையேதான் சொல்லிச்சு," என்றான் வெயிலுமுத்து, நாட்டையே தான் எண்ணிவிட்டவன் மாதிரி.

"கோடிக்கணக்கான ஆளு இருக்கிற நாட்டுல, நீங்க எத்தனை பேரைக் கேட்டிய?" என்றார் பாய்.

"சில ஆயிரம் பேரு. போதும் பாய். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்," என்றார் நம்பிராஜன்.

"சோத்துக்குச் சரி. ஒரு தோலைப் புரட்டிப் பாத்துட்டு ஒரு லாரித் தோலு வாங்குனவன் எவனாவது உருப்பட்டிருக்கானா? கேளுங்க, இவன்கிட்டயே கேளுங்க."

வெயிலுமுத்து கேள்வி காதில் விழாதவன் மாதிரி பத்திரிகையைத் தடவிக்கொண்டிருந்தான். அதில் ஏதோ ஓர் எண்ணுக்குள் தாராவிச் சந்துகள் எல்லாம் கரைந்து கிடப்பது அவனுக்கு மட்டும் தெரிந்தது.

ஓட்டுப்போடுகிற நாள் வந்தது. காலையிலேயே குளித்து, பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தான். ஆண்கள் வரிசை நீளம். பெண்கள் வரிசையில் அவன் சந்து ஆள் ஒருத்தியைக்கூடக் காணோம். சமையலாக இருக்கும் என்று நினைத்தான். பத்து மணிக்கும் காணோம். மத்தியானம் சந்துக்கு வந்து பார்த்தால், முப்பிடாதியம்மாள் நிம்மதியாக வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன யக்கா, ஓட்டுப் போட வரலியா?"

"எத்தனை மட்டம்ல போடணும்? அன்னைக்கே உன் டப்பாவுல போட்டாச்சுல்லா. ரெண்டாந்தடவை போட்டா போலீஸ்காரன் பிடிச்சுட்டுப் போவான். நம்ம பிள்ளைக யாரும் போகக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

வெயிலுமுத்துவுக்குக் காலடிச் சேறு நழுவுவது போல இருந்தது. இத்தனை நாள் அவன் காதில் முணுமுணுத்த குரலெல்லாம் இவர்களுடைய ஓட்டு. அசல் ஓட்டு என்று நம்பிக் கொடுத்தது. அதைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறான். பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொன்னால் சந்து அவனை உரித்துச் சுண்ணாம்புக் குழியில் போடும். விஷயம் கம்பெனிக்கு எட்டினால் கூலி போகும்; கூலி போனால் மெஷின் போகும். வடைச் சட்டியின் புகைக்குள் மெஷின் ஒருமுறை மங்கலாகத் தெரிந்து மறைந்தது.

"யக்கா, அது நிசமான ஓட்டு இல்ல," என்றான்.

"பின்ன?"

"யாரு ஜெயிப்பான்னு பாக்கதுக்கு ஒரு ஒத்திகை. எழுந்திரிங்க, அஞ்சு மணிக்கு மூடிருவான்."

முப்பிடாதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் முளைத்தன.

"ஒத்திகைக்கு எதுக்குல என் ஓட்டை வாங்குனே? அதுக்கு எவனாவது துட்டுக் கொடுத்தானா?"

பொய் சொல்ல நினைத்தான். ஆனால் ஒரு மாதமாகச் சந்து ஆண்களிடமெல்லாம் அதைப் பீற்றிக்கொண்டவன் அவன்தான். "சீட்டுக்கு எட்டணா," என்றான்.

"கேட்டியளா பிள்ளையளா! நம்ம ஓட்டு எட்டணாவாம். போட்டது நம்ம, துட்டு இவன் பையில! இருக்கட்டும், போட்டுட்டு வந்து பேசிக்கிடுதேன்."

சேலையை உதறிக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நடக்க, சந்துப் பெண்கள் எல்லாரும் பின்னால் நடந்தார்கள். மத்தியான வெயிலில் அத்தனை நிறச் சேலையும் சேற்றுப் பாதையில் ஆறு மாதிரி ஓடிப் பள்ளிக்கூடத்துக்குள் போய் மறைந்தது. வெயிலுமுத்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். பயம் ஒரு பக்கம்; அழகு ஒரு பக்கம்.

திரும்பி வந்தவள் நேரே அவன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். விரலில் மை ஈரமாக இருந்தது.

"அங்கயும் காளைக்குத்தான போட்டிய யக்கா?"

"நான் எதுக்குல காளைக்குப் போடுதேன்? அரிசி விக்கிற விலைக்கு?"

"டப்பாவுல காளைக்குப் போட்டியளே!"

"நீ சலவைச் சட்டையும் பூட்டுப் பெட்டியுமா சர்க்கார் ஆளு மாதிரி வந்து நின்னே. சர்க்காரு கேட்டா சர்க்காரைத்தான சொல்லணும்? இல்லைன்னா குடிசையைப் பிரிச்சுட்டா? அங்க திரைக்குப் பின்னால எவன் பாக்கான்? எங்க எல்லாருக்கும் அப்படித்தான்." பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அது கிடக்கட்டும். எட்டணாவை எடு."

ஆளுக்கு எட்டணா கொடுத்தால் பாய்க்கு என்ன மிஞ்சும்? வெயிலுமுத்து கையைப் பிசைந்தான். பாயின் கடனையும் கெடுவையும் சொன்னான். கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது: எட்டணாவுக்குப் பதில் ஒவ்வொருத்திக்கும் இடுப்பில் கட்டுகிற தோல் பை ஒன்று தைத்துத் தரவேண்டும். பாயின் கிடங்கில் வெட்டிக் கழித்த துண்டுகள் சும்மா கிடந்தன. மறுநாளே ஆரம்பித்தான். கடன்காரன் தைத்த பை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, வாய்ப் பக்கம் இரட்டைத் தையல் போட்டு, மடிப்பு வைத்து, ராணிக்குத் தைக்கிற மாதிரி தைத்தான்.

முடிவுகள் வந்தன. காளை டில்லிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. மதராசில் படுத்தே விட்டது. நம்பிராஜன் நூறு ரூபாயோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"பத்திரிகைக்காரங்க பாதிதான் கொடுத்தாங்க. என்னால முடிஞ்சது இவ்வளவுதான், வெயிலுமுத்து. காளை ஆட்சியைப் பிடிக்கும்னு சொன்னோம், பிடிச்சுது. சில ஊர்ல கணக்கு அப்படியே பலிச்சுது. சில ஊர்ல கவுந்துபோச்சு. எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்கே பிடிபடல."

பாய் தோலைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "சோத்துக்கு வெக்கம் கிடையாது சார். அமுக்கிப் பாத்தா வெந்ததா வேகலையான்னு சொல்லிரும். மனுசனை அமுக்குனா, அமுக்குறவன் மூஞ்சியையும் சட்டையையும் பாத்துட்டுல்லா சொல்லுவான்!"

நம்பிராஜன் சிரிக்க முயன்றார். "அடுத்த தடவை சட்டையை மாத்திட்டுப் போகச் சொல்றேன்."

நூறு ரூபாய் இருந்தது. நூறு இல்லை. பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்தான், கட்டிக்கொடுக்கப்போகிற பெண்ணுக்குத் தலை வாருவது போல.

அப்போதுதான் ஒரு காலை, கோளிவாடா மீன்காரி ஒருத்தி கூடையோடு வந்து நின்றாள். முப்பிடாதியம்மாளின் இடுப்புப் பையைப் பார்த்துவிட்டு வந்தவள். மீன்காரிக்குத் துணிப் பை நாள் முழுக்க ஈரம்; நோட்டெல்லாம் ஊறிப்போகும்.

"யே தைலி கித்னேகா?" என்று பையின் விலை கேட்டாள்.

"தோ ருப்யா," என்றான் வெயிலுமுத்து, யோசிக்காமல்.

அவள் பேரம் பேசவில்லை. மறுநாள் அவள் தங்கை வந்தாள். அதற்கு மறுநாள் சயான் மார்க்கெட்டே வந்தது போலிருந்தது. மீன் வாடையும் தோல் வாடையும் கலந்த அந்தக் காலைகளில், கூடைகளின் வெள்ளி மினுமினுப்புக்கு நடுவே உட்கார்ந்து அவன் தைத்தான், தைத்தான். இந்தத் தடவை ஊசியும் ஓடியது, அவனும் கூடவே இருந்தான். பின்னாளில் இரண்டு மாடிக் கட்டடமும் பதினெட்டு மெஷினுமாக அவன் எழுந்து நின்றதற்கு ஆரம்பம் அந்த இரண்டு ரூபாய்ப் பைதான். யாருடைய தயவும் இல்லை, அவன் கை.

பக்ரீதுக்கு முந்தின நாள் கிடங்குக்குப் போனான். பாய் திண்டில் சாய்ந்திருந்தார். வெயிலுமுத்து பத்து ரூபாய் நோட்டும் மீன் மணக்கிற இரண்டு ரூபாய் நோட்டுமாக, இருநூறையும் அவர் கையில் எண்ணி வைத்தான். பாய் அதை இடது கைக்கு மாற்றி, சட்டைப் பைக்குள் திணித்தார். வலது கை மட்டும் நீட்டினபடியே இருந்தது.

"என்ன பாய்? சரியாத்தான இருக்கு?"

"கடன் சரியாப் போச்சு. உன் பெட்டியில நானும்தான ஒரு சீட்டுப் போட்டேன்? எல்லாருக்கும் பை கொடுத்தே. எனக்குப் பை வேண்டாம்டே. என் எட்டணா எங்க?"

"பாதிதான வந்துச்சு பாய். கணக்குப்படி நாலணா."

"சரி, நாலணா கொடு."

வெயிலுமுத்து இடுப்பிலிருந்த பையை அவிழ்த்தான். நீட்டியிருந்த உள்ளங்கையில் பத்துப் பைசா ஒன்று வைத்தான். அதன்மேல் இன்னொரு பத்து. அதன்மேல் ஓர் ஐந்து.