முதல் எண் என்னுடையது

அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை எழுதும்போதும் எரிகிறது. ஆறிப்போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் ஒரு அரசாங்க அலுவலகத்தில், நாட்டில் வேலைகள் எவ்வளவு கூடின என்று கணக்கிடும் பிரிவில் நாங்கள் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் வந்து ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் வளர்ந்தவள். அவள் கணவனின் கணினி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவள், வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இருவரும் விகார், அதாவது தற்காலிக ஆட்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று வரப்போகிறது என்று மேலதிகாரி சொல்லியிருந்தாள். நிரந்தர வேலை இருந்தால்தான் வங்கி வீட்டுக்கடன் தரும். நானும் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வீடாகப் பார்த்துத் திரிந்தோம்.

எங்கள் வேலை இப்படித்தான். தெரிவுசெய்த நிறுவனங்களிடம், உங்களிடம் இப்போது எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்போம். எண்ணை வெளியிடும் நாள் வந்துவிடும், ஆனால் பல நிறுவனங்களின் பதில் வந்திராது. பதில் தந்தவர்களைப் பார்த்து, தராதவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நிரப்பி முதல் எண்ணைப் போடுவது நான். பத்திரிகைகள் அதை எழுதும், அமைச்சர் அதைப் பற்றிப் பேசுவார். பிந்திய பதில்கள் பிறகு ஆறுதலாக வந்து சேரும். அவற்றைச் சேர்த்து என் எண்ணைத் திருத்துவது அவள். ஒவ்வொரு முறையும் என்னுடைய எண் குறைவாகவே இருந்தது. அவசரத்தில் சமைத்தது நான், சாவகாசமாக உப்புப் பார்த்தது அவள். கூட்டத்தில் திருத்தத்தை அவள் வாசிக்கும்போது எனக்குக் காது சுடும்.

"அவவின்ர வேலையே திருத்திறதுதானே. அதுக்கேன் நீர் கொதிக்கிறீர்?" என்றார் கணவர்.

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களை ஆரும் மாதாமாதம் திருத்தினால் தெரியும்," என்றேன்.

அந்த வருடம் மகனின் பிறந்தநாளைக் குரோருட்டில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். அழைக்காவிட்டால் நன்றாக இராது என்று அவளையும் அழைத்தேன். அழைப்பிதழில் ஐந்து மணி என்று இருந்தது. அவளும் கணவனும் ஐந்துக்கே வந்து நின்றார்கள். மகனின் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய நோர்வேஜியப் பெற்றோரும் மட்டும்தான் அதுவரை வந்திருந்தார்கள். மிச்சக் கதிரையெல்லாம் காலி.

"என்னக்கா, யாருமே வரல?" என்று பதறினாள்.

"பயப்பிடாதையும். எங்கட ஆக்கள் எட்டுக்குத்தான் வருவினம். இப்ப வந்தவையை வச்சுச் சாப்பாட்டைக் கணக்குப் பாத்தீரெண்டால் கேக் மிஞ்சும், இடியப்பம் காணாது. நேரத்துக்கு வாற ஆக்கள் வேற, பிந்தி வாற ஆக்கள் வேற. எங்கட நிறுவனங்களும் இப்பிடித்தான். கணக்காளர் வச்சிருக்கிற பெரிய இடங்கள் உடன பதில் அனுப்பும். புதுசு புதுசா ஆள் எடுக்கிற சின்னச் சின்னக் கட்டிட நிறுவனங்கள்தான் இழுத்தடிக்கும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்தாள். பாதி ஆங்கிலம், பாதி உடைந்த நோர்வேஜியன். பதில் தராத சின்ன நிறுவனங்களை நாம் பெரியவற்றைப் பார்த்து நிரப்புகிறோம், அதனால்தான் முதல் எண் குறைகிறது என்றாள். போன முறை பிந்தியவர்களைப் பார்த்து இந்த முறை பிந்துகிறவர்களை நிரப்பலாம் என்றாள். பழைய எண்களையெல்லாம் அப்படியே மறுபடி போட்டும் பார்த்திருந்தாள். திருத்தம் நன்றாகச் சுருங்கியிருந்தது. பிறகு குரோருட் மண்டபத்துக் கதையைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை, சொல்லித்தந்தது நான்தான் என்று என்னைக் கைகாட்டினாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அடுத்த பிறந்தநாளுக்கு எங்களையும் கூப்பிடு!" என்றாள் மேலதிகாரி.

விருந்து என்னுடையதாம், கணக்கு அவளுடையதாம். களவெடுத்திருந்தாலாவது ஆசைதீரத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

நிரந்தர இடம் அவளுக்குப் போனது. அடுத்த கோடையில் லோறென்ஸ்கூக்கில் வீடும் வாங்கினாள். புதுமனை விருந்துக்கு எங்களை ஐந்து மணிக்கு வரச் சொன்னாள். நான் வேண்டுமென்றே இதோ அதோ என்று இழுத்து, எட்டுக்குப் பிறகுதான் வெளிக்கிட்டேன். சாப்பாடு முடிந்திருக்க வேண்டும், எங்களைக் கண்டு அவள் கையைப் பிசைய வேண்டும், அவளுடைய எண்ணும் ஒரு தரமாவது பிழையாய்ப் போக வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கணவர் பாவம், ஒன்றும் தெரியாமல் பசியோடு காரோட்டினார்.

மற்ற விருந்தினர் போய்விட்டிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா. நீங்க இப்பதான் வருவீங்கன்னு தெரியும். தனியா எடுத்து வச்சிருக்கேன்."

மேசையில் இடியப்பம் சூடாக இருந்தது. பக்கத்தில் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி. யாரிடமோ கேட்டு எங்களுக்காகவே சொதி வைக்கப் பழகியிருக்கிறாள். கணவர் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். மகன் மூன்றாம் தரமும் கேட்டான். எங்கே போதாமல் போகும் என்று நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இடியப்பம் என் தட்டில் விழுந்தபோது மூன்று பேருக்கும் வயிறு நிறைந்திருந்தது. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.