படகில் திரும்பிப் பார்த்தவன்

மியூசியத்துக்கு நம் ஊர் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் தெரியும்தானே? செத்த காலேஜ்! மிருகங்கள் இருப்பது உயிர் காலேஜ். இது செத்த காலேஜ். போன மாதம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்...

சாந்தோம் சூசை வாத்தியார் என் சிநேகிதர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். "மியூசியத்துல பழைய ஐரோப்பியப் படங்க ஒரு பெட்டி இருக்கு. அவங்க புராணக் கதைங்க. பார்க்க பர்மிஷன் வாங்கிட்டேன், வாங்க" என்றார்.

மயிலாப்பூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பங்கஜம் மாமியும் கிளம்பிவிட்டாள். ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்தான் அவள் பிள்ளை சீனு. ஜப்பான்காரன் நுழைந்த நாளிலிருந்து கடிதம் இல்லை. புராணப் படம் என்றால் மாமிக்கு அது தரிசனம்தானே?

"இன்னா மாமி, செத்த காலேஜுக்கா?" என்றான் ஜட்காக்காரன்.

"வாயை அலம்புடா! கிளம்பறச்சே அபசகுனமா..."

"ஊர்ல அப்டித்தான் சொல்றாங்கோ. நான் இன்னா பண்றது?"

மியூசியத்தில் குண்டு பயத்துக்காக ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம். பட்டப்பகலில் விளக்கு. வாத்தியார் ஒவ்வொரு படமாக மேஜைமேல் வைத்தார். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை — வெறும் மையும் காகிதமும்தான். ஆனால், படத்திலிருந்தவர்களின் கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

ஒருவன் ஒரு பெண்ணைத் தேரில் தூக்கிக்கொண்டு போகிறான். "ராவணப் பாவி!" என்றாள் மாமி.

அடுத்தது, ஒரு படகு. துடுப்புப் போடும் தாடிக் கிழவன். படகு கொள்ளாத ஜனம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்; அந்தப் படத்தில் இரண்டு கரையும் கறுப்பு.

"குகன்!" மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ராமனையே அக்கரை சேர்த்தவனாச்சே..." சட்டென்று குனிந்தாள். "எல்லாரும் அந்தப் பக்கம் பாக்கறா. இவன் ஒருத்தன்தான் நம்மைத் திரும்பிப் பாக்கறான். சீனு சாடையா இல்லே?"

பார்த்தேன். சீனு சாடையேதான்.

வாத்தியார் என் காதில் முணுமுணுத்தார்: "குகன் இல்லீங்க. செத்தவங்களை ஏத்திக்கிட்டுப் போற படகு. ஏறினவன் திரும்பறதில்லை."

"அடியிலே என்ன போட்டிருக்கு?" என்றாள் மாமி.

"குகன்னுதான் மாமி" என்றேன். வாத்தியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற வாரம் தனியாகப் போய் அதே படத்தைக் கேட்டேன். அதே கிழவன். ஓரத்தில் அதே பழுப்புக் கறை. படகில் எல்லாம் முதுகு. திரும்பிப் பார்த்த முகம்... இல்லை!

"இது வேறே பிரதியா?"

"இருக்கறதே ஒண்ணுதான் சார்" என்றார் சிப்பந்தி.

சீனு இறங்கிவிட்டானா? இல்லை, அவனும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டானா?

வீட்டு வாசலில் மாமி காத்திருந்தாள். "குகனைப் பார்த்தேளா?"

"பார்த்தேன். சீனு அந்தப் படகில் இல்லை மாமி."

"அப்போ கரை சேர்ந்துட்டான்!" உள்ளே ஓடிப்போய் விளக்கேற்றினாள்.

எந்தக் கரை?... தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், மாமிக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.