வெறுங்கையோடு வரச் சொன்ன இன்டர்வியூ

2013 வாக்கில், ஒரகடத்தில் பிரேக் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்சார்ஜ். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் பணமும் கொடுக்கும் ஆக்சிலரேட்டர் ஒன்று பக்கத்து ஷெட்டுக்கு வந்தது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஃபேக்டரி ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டதால், எச்.ஆர். என்னை அனுப்பினார்.

அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த பேட்ச்சுக்கு ஐடியாவே இல்லாத ஆட்கள்தான் வேண்டுமாம். ஆறு மாதம் சம்பளம் கொடுப்பார்களாம், அதற்குள் என்ன செய்வது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டுமாம். பெண் பார்க்காமலே மண்டபம் புக் பண்ணுகிற கதை என்று தேர்வை நடத்திய லதா மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்ததோடு சரி.

மூன்றாவதாக உள்ளே வந்தவர்கள் எங்கள் கம்பெனி ட்ரெய்னிகள். பக்கத்து ஊர் சேரப்பணஞ்சேரி தேவியும், திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிமுத்துவும். அந்த மாதத்தோடு அவர்களின் மூன்று வருட ட்ரெய்னிங் முடிகிறது. கம்பெனி யாரையும் பெர்மனென்ட் செய்யப்போவதில்லை. இதுவும் கிடைக்காவிட்டால் இசக்கி ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இருவரும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ப்ராஜெக்ட்டை மேஜைமேல் வைத்தார்கள். சோலார் பம்ப். இசக்கி முதல் பக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். மேடம் ஒரு கேள்வி கேட்டதும் நின்றுவிட்டான். தேவிதான் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"மேடம், இது எங்களுது இல்ல. தண்டலத்துல காலேஜ் பசங்களுக்கு ப்ராஜெக்ட் விக்கிற கடைல வாங்கினோம். வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சி."

கதை முடிந்தது என்று நினைத்தேன். மேடம் அந்த ப்ராஜெக்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அசெம்பிளி லைனில் மூன்று வருடமாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். இசக்கி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பித்தான். நான்காவது ஸ்டேஜில் கிளிப் வளைந்து வளைந்து ரிஜெக்ட் ஆனதைச் சொன்னான். எனக்கு நன்றாகத் தெரிந்த பிரச்சினை. ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டர் அஜாக்கிரதை' என்று எழுதியதே நான்தான். தேவிக்கு மெமோவும் கொடுத்திருந்தேன். மெமோவுக்குப் பிறகு ரிஜெக்ஷன் நின்றுபோனதில் எனக்குப் பெருமை வேறு.

"அஜாக்கிரதை இல்ல சார். இவளுக்கு இடக்கை. கிளிப் ட்ரே வலப்பக்கம் இருக்கு. கையக் குறுக்கப் போட்டு எடுத்தா வளையத்தான செய்யும். மெமோ வந்தன்னைக்கே நாங்க ரெண்டு பேரும் எடத்த மாத்திக்கிட்டோம். இப்ப அங்க நிக்கிறது நான்," என்றான் இசக்கி.

அதோடு விடவில்லை. எந்த ஸ்டேஜில் எந்த உயரத்து ஆளுக்கு எங்கே கை தடுமாறும் என்று இருவரும் மாறி மாறி அடுக்கினார்கள். நான் அசந்துபோனேன். இருபது வருடம் சார்ட் போட்ட எனக்குத் தெரியாத லைன் அது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லியே சார்," என்றாள் தேவி. குரலில் கோபம்கூட இல்லை.

மேடம் என் பக்கம் திரும்பினார். இவர்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஏற்கெனவே டிக் அடித்திருந்தார்.

அடுத்த நாள் நான்காவது ஸ்டேஜில் நின்று இடக்கையால் கிளிப் மாட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மூன்று வளைந்தன. ஃபைலில் இருந்த தேவியின் மெமோவைக் கிழித்துவிட்டு, ட்ரெய்னிங் முடிவதற்குள் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

குவாலிட்டிக்கு வரும் பிள்ளைகளே, ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பும் முன் அந்த ஸ்டேஜில் ஒரு மணி நேரம் நின்று வேலை செய்யுங்கள். நான் இருபது வருடம் உட்கார்ந்தே எழுதினேன்.