பழைய கடை நம்பருக்குப் போன கோட்

1. "நீங்களே ஒண்டு போடுங்கோ"

பரந்தன் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், பதினொரு வருடம் கொமியூனிக்கேசன் கடை நடத்தினேன். போட்டோக்கொப்பி, லமினேட், ரீலோட், வெளிநாட்டில் உள்ளவர்களோடு முகம் பார்த்துக் கதைப்பது, எல்லாம் அங்கே நடக்கும். கடை திறந்த நாள் முதலாவதாக வந்தவர் ஒரு ஐயா. கனடாவில் இருக்கும் மகளோடு கதைக்கத் தனக்கொரு ஈமெயில் வேண்டும் என்றார். பெயர் கேட்டேன், பிறந்த திகதி கேட்டேன், சொன்னார். பாஸ்வேர்ட் என்ன போட என்று கேட்டதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அது எனக்கென்னத்துக்குப் பிள்ளை? நீங்களே ஒண்டு போட்டு, நீங்களே வைச்சிருங்கோ. நான் எங்க போகப் போறன்?"

அவருக்குப் பிறகு வந்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். நான் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கி, பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட் என்று எழுதி வைத்தேன். பாஸ்வேர்டுக்கு எந்நேரமும் மூளையைக் கசக்க முடியாது. மூத்த பிள்ளையின் பெயரைக் கேட்டு, பின்னால் 123 போட்டுவிடுவேன். ஆளை உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கத்தை, அதுதான் கோட், அனுப்ப ஒரு போன் நம்பர் தா என்று கம்பியூட்டர் கேட்கும். சனம் அந்த நாளில் மாதத்துக்கொரு சிம் மாற்றும். அதனால் எல்லாருக்கும் கடை நம்பரையே கொடுத்தேன். பெரிய கெட்டித்தனம் செய்ததாக எனக்கு நினைப்பு.

அந்த நாட்களை நினைக்க இப்போதும் ஆசையாக இருக்கிறது. ஒரே மேசை, ஒரே கமரா, பின்னால் நீளமான மர வாங்கில் எட்டுப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவர் மகனோடு கதைக்க, வாங்கில் இருப்பவர்களும் சேர்ந்து சுகம் விசாரிப்பார்கள். "என்ன தம்பி, மெலிஞ்சு போனாய்? ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?" என்று சம்பந்தமே இல்லாத ஒரு அம்மா எட்டிப் பார்த்துக் கேட்பா. யாரென்று தெரியாமலே அவனும் "சாப்பிடுறன் அன்ரி" என்பான். அந்தரங்கம் என்ற சொல்லை அந்தக் கடையில் ஒருவரும் உச்சரித்ததில்லை. சேர்ந்து சிரித்தோம், சேர்ந்து அழுதோம். இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் அந்த வாங்குச் சத்தத்தைத் தேடும்.

2. பாக்கியம் அக்காவின் படம்

பாக்கியம் அக்கா உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவா. கலா என்று ஒரே மகள். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் பிள்ளையும் போனாள், அல்பமும் போனது. பல வருடங்களுக்குப் பிறகு லண்டனில் இருந்த அக்காவின் தமையன் தன் வீட்டு அலுமாரியில் கலாவின் படம் ஒன்றைக் கண்டுபிடித்து ஈமெயிலில் அனுப்பினார். என் கடையில் வைத்துத்தான் திறந்தோம். அன்றைக்கு வாங்கில் இருந்த எல்லாரும் எழும்பி வந்து பார்த்தார்கள்.

அந்தத் தமையனும் போன வருடம் கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவின் போன் வாய்க்காலுக்குள் விழுந்தது. புதுப் போனோடு கடைக்கு வந்தா.

"தங்கச்சி, வாற கிழமை கலாவின்ர திவசம். படத்தைப் பெருப்பிச்சு பிறேம் போடவேணும். எடுத்துத் தா."

கொப்பியைப் பார்த்து பாஸ்வேர்டை அடித்தேன். சரிதான். ஆனால் புதுப் போன் என்பதால் கோட் கேட்டது. கோட் போனது பழைய கடை நம்பருக்கு. அந்த சிம்மில் சிக்னல் போதாதென்று இரண்டு வருடத்துக்கு முன்பே நான் வேறு கம்பனிக்கு மாறியிருந்தேன். ரீலோட் பண்ணாமல் விட்ட நம்பரைக் கம்பனி வெட்டி, வேறு யாருக்கோ விற்றுவிட்டது.

பதினொரு வருடத்தில் பாதிக்கு மேல் என் சொந்த நம்பராக இருந்ததை நானே அழுத்தி அழைத்தேன். ஒரு பெண் எடுத்தா. விசயத்தைச் சொல்லி, "உங்களுக்கு இப்ப ஆறு இலக்கத்தில ஒரு கோட் வந்திருக்கும். ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"சொல்லமாட்டன்."

"இது ஒரு தாயின்ர விசயம். செத்துப்போன பிள்ளையின்ர படம் உள்ளுக்க கிடக்கு."

"எல்லாரும் இப்பிடித்தான் ஒரு கதையோட வருவினம். போன மாசம் வங்கியில இருந்து எண்டு ஒருத்தன் எடுத்தவன். அவனும் நல்ல தன்மையாத்தான் கதைச்சவன். கோட் ஆருக்கும் சொல்லக்கூடாது." வைத்துவிட்டா.

மூன்று தரம் எடுத்தேன். மூன்றாம் தரம் என் வாயிலிருந்து நல்ல சொல் வரவில்லை. பாக்கியம் அக்கா என் கையிலிருந்து போனைப் பறித்தா.

"நீ கொஞ்சம் சும்மா இரு. அந்தப் பிள்ளை சரியாத்தானே சொல்லுது? நீ ஆரெண்டு அவாவுக்கு என்ன தெரியும்?" பிறகு போனில், மெல்லமாக, "பிள்ளை, நாங்கள் நேர வந்தால் கதைப்பியளோ?" என்று கேட்டா.

அவா இடத்தைச் சொன்னா: "வற்றாப்பளையில, கோயிலடியில தையல் கடை. வாங்கோ பாப்பம்."

3. தையல் மேசை

அடுத்த நாள் முல்லைத்தீவு பஸ் எடுத்தோம். புதுக்குடியிருப்பு தாண்டிய பிறகு அக்கா யன்னல் பக்கம் திரும்பவே இல்லை; அந்தக் கடைசி இடப்பெயர்வில் சனம் போன பாதை அது. மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தா.

தையல்காரிக்கு முப்பது வயது இருக்கும். பழைய நம்பர் அச்சடித்த என் பில் புத்தகத்தைக் காட்டினேன். அவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தா. "நீங்கள் கதைக்காதேங்கோ அக்கா. அம்மா சொல்லட்டும். அந்தப் படத்தில என்ன இருக்கு?"

"கலியாண வீடு ஒண்டு. வலக்கைப் பக்கத்தில நிக்கிறாள். பச்சைச் சட்டை. ஒரு பக்க ரிபன் கழண்டு தொங்குது. கட்டிவிட நான் கூப்பிட்டனான், வரேல்லை."

"சரி. என்ர மேசையில வைச்சே திறவுங்கோ. வேற படமெண்டால் போனை வாங்கி மூடிப்போடுவன்."

கோட் வந்தது. அவாவே அடித்தா. படம் திறந்தது. பச்சைச் சட்டை, கழன்ற ரிபன். தையல்காரி அழுதுவிட்டா. பாக்கியம் அக்கா அழவில்லை, படத்தைத் தடவிக்கொண்டே இருந்தா.

வெளிக்கிடும்போது தையல்காரி எனக்குச் சொன்னா: "உங்கட ஆக்களுக்கு எத்தினை கோட் இதுக்கு வந்ததெண்டு தெரியுமோ? நான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் இருக்கிறன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் கைவிட்ட சனத்தை, அவர்களை ஒரு நாளும் கண்டிராத ஒரு பெண் இத்தனை நாளாகக் காவல் காத்திருக்கிறா. அவாவை நான் போனில் ஏசியிருக்கிறேன். அந்த நம்பர் ஒரு கள்ளனிடம் போயிருந்தால் என் கடைச் சனத்தின் கதி என்ன?

4. கொப்பியை எரித்தது

அடுத்த ஒன்றரை மாதம் வேறு வேலை பார்க்கவில்லை. கொப்பியில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கடை நம்பரை எடுத்துவிட்டு அவரவர் நம்பரைப் போட்டு, எனக்கும் சொல்லாமல் பாஸ்வேர்டை அவரவரையே மாற்ற வைத்தேன். சிம்மை விடுவதென்றால் முதலில் அந்த நம்பரை எல்லா இடத்திலும் கழற்றுங்கள் என்றேன். இருக்கிற ஒரே படத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள், அச்சடித்தும் ஒன்று வையுங்கள் என்றேன். கோட் கேட்டு யார் எடுத்தாலும், நானே எடுத்தாலும், சொல்லவேண்டாம் என்றேன். சிலருக்குக் கோபம். "இவ்வளவு நாளும் உங்களை நம்பித்தானே தந்தனாங்கள், இப்ப வேண்டாமோ?" என்று ஒரு ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எல்லாம் முடிந்த பிறகு கொப்பியைக் குசினி அடுப்பில் வைத்தேன்.

கொப்பியை எரிக்க முதல் கடைசியாக வந்தவா பாக்கியம் அக்கா. பாஸ்வேர்டுக்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம், ஊருக்குத் தெரியாத நீளமான ஒன்றாகப் போடுங்கள் என்றேன். கதிரையைத் திருப்பிக்கொண்டு இருந்து, ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினா. கால் மணித்தியாலம் ஆனது. பழக்க தோசத்தில் நான் பேனையை எடுத்துவிட்டேன்.

"என்னக்கா போட்டியள்?"

"கலா எனக்கு மட்டும் சொன்ன ஒரு கதை. வேற ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கும் சொல்லமாட்டன்."

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகுதான் விளங்கியது, பதினொரு வருடத்தில் அன்றைக்குத்தான் ஒருவருக்கு அந்த வேலையைச் சரியாகச் செய்து கொடுத்திருக்கிறேன் என்று.